சந்தேகப்பட வேண்டியது யாரை?

“மாடு குறுக்கே வந்தா அதுக்குத் தெரியுமா சார்?”

டிரைவர் இல்லாமல் ஓடும் கார் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஓட்டுநர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி இதுதான். கால் டாக்சி ஓட்டுகிறவரைக் கேட்டாலும் சரி, சொந்தக் காரில் அலுவலகம் போய் வருகிறவரைக் கேட்டாலும் சரி, மாடு வரும். அதன் பின்னால் ராங் சைடில் வரும் பைக்கும், கையைக்கூடக் காட்டாமல் திரும்பும் ஷேர் ஆட்டோவும் வரும். “அதெல்லாம் அமெரிக்கா ரோட்டுக்கு. நம்ம ஊருல ஒரு நாள் தாங்காது” என்று முடிப்பார்கள். மின்சாரக் கார் என்றால் கேள்விகள் வேறு. பேட்டரி வெடிக்குமாமே? மழைத் தண்ணியில நின்னா ஷாக் அடிக்காதா? நடுவழியில சார்ஜ் போச்சுன்னா? எட்டு வருஷம் கழிச்சு பேட்டரி மாத்தற காசுக்குப் புது வண்டியே வாங்கிடலாமே?

இதைக் கேட்டுப் படித்தவர்கள் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கக் கூடாது. கம்பெனிக்காரன் விளம்பரத்தில் சொன்னான் என்பதற்காக ஒன்றை நம்ப மறுப்பது பகுத்தறிவின் முதல் படி. அந்த மாட்டுக் கேள்வியை அமெரிக்காவிலேயே யாராவது விடாப்பிடியாகக் கேட்டிருந்தால் ஒரு பெண் பிழைத்திருக்கக்கூடும்.

2018 மார்ச் 18 இரவு. அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற ஊர். 49 வயதுப் பெண் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகலமான சாலையைக் கடக்கிறார். ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கி வோல்வோ கார் வருகிறது. மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே காரின் ரேடார் அவரைக் கண்டுவிட்டது. கண்டது எதை என்றுதான் அதனால் முடிவு செய்ய முடியவில்லை. ஒரு கணம் வாகனம் என்றது, இன்னொரு கணம் வேறேதோ என்றது, அடுத்த கணம் சைக்கிள் என்றது. பெயர் மாறும்போதெல்லாம் பழைய கணக்கை அழித்துவிட்டு, எதிரில் இருப்பது எந்தப் பக்கம் நகர்கிறது என்று புதிதாகக் கணக்குப் போட்டது. ஜீப்ரா கிராசிங் இல்லாத இடத்திலும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்பது அந்த மென்பொருளுக்குச் சொல்லித் தரப்படவில்லை. வோல்வோ தன் காரில் வைத்திருந்த அவசர பிரேக்கை, சோதனை ஓட்டத்தின்போது வேலை செய்யாதபடி அணைத்திருந்தார்கள். கண்காணிக்க உட்கார வைக்கப்பட்ட பணியாளர் செல்போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துக் கண்டறிந்தவை இவை.

ஆக, நம் ஊர் டிரைவர் கேட்டது அறியாமையின் கேள்வியே அல்ல. பொறியாளர்கள் கேட்க மறந்த கேள்வி. அமெரிக்க ஓட்டுநர்களுக்கும் இதே தயக்கம் உண்டு. அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2025-இல் எடுத்த கருத்துக் கணிப்பில், தானாக ஓடும் காரில் நம்பி ஏறுவேன் என்றவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான். பத்தில் ஆறு பேர் பயமாக இருக்கிறது என்றார்கள்.

இதுவரை சரி. இனி அந்த மாட்டுக் கேள்வியை நம் பக்கம் திருப்புகிறேன். மாடு குறுக்கே வந்தால் நமக்குத் தெரிகிறதா? மனிதர் குறுக்கே வந்தால் தெரிகிறதா?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. மாநிலத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49 பேர். இந்த வண்டிகளை ஓட்டியவை கணினிகள் அல்ல. லைசென்ஸ் வைத்திருந்த, வைத்திருக்காத, குடித்திருந்த, தூங்காத, அவசரத்தில் இருந்த மனிதர்கள் ஓட்டினார்கள். இறந்தவர்களில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு அளவு மீறிய வேகம் காரணம் என்கிறது அதே அறிக்கை.

ஓர் இயந்திரம் ஒரு நாளில் தமிழ்நாட்டில் 49 பேரைக் கொன்றால் மறுநாள் அது சாலையில் ஓடுமா? ஓட விடமாட்டோம், விடவும் கூடாது. நாம் ஓட்டுகிறோம். மறுநாளும் 49 பேர் சாகிறார்கள். மறுநாளும் ஓட்டுகிறோம்.

தானியங்கிக் கார்கள் வந்த புதிதில் தத்துவப் பேராசிரியர்கள் ஒரு புதிரைப் பெரிதாகப் பேசினார்கள். பிரேக் பிடிக்காத கார் ஒரு முதியவரை இடிக்க வேண்டுமா, ஒரு குழந்தையை இடிக்க வேண்டுமா? ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைக் கொல்லலாமா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இதை இணையத்தில் ஒரு விளையாட்டைப் போல அமைத்து, 233 நாடுகள், ஆட்சிப் பகுதிகளிலிருந்து சுமார் 4 கோடி பதில்களைத் திரட்டி, 2018-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஜெர்மனி அமைத்த ஒரு குழு 2017-லேயே, வயது, பால் பார்த்து உயிரைத் தரம் பிரிக்கக் கூடாது என்று விதி வகுத்தது. நல்ல விதி.

நம் சாலையில் அந்தப் புதிருக்கு என்றோ விடை எழுதியாகிவிட்டது. 2022-இல் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 19.5 விழுக்காட்டினர் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. யார் சாக வேண்டும் என்பதை வண்டியின் எடையும் பணமும் தீர்மானிக்கின்றன. லாரிக்கு பஸ் ஒதுங்கும், பஸ்ஸுக்குக் கார் ஒதுங்கும், காருக்கு பைக் ஒதுங்கும், எல்லாவற்றுக்கும் நடக்கிறவர் ஒதுங்க வேண்டும். நடைபாதையில் டிரான்ஸ்பார்மரும் கடையும் நிறுத்திய பைக்கும் இருந்தால் அவர் சாலையில்தான் இறங்கி நடக்க வேண்டும். நடந்தால், “பார்த்து வர மாட்டியா, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?” என்ற வசவு வரும். இதை யாரும் கணினியில் எழுதவில்லை. நாமே எழுதி, நாமே ஓட்டிக்கொண்டிருக்கிற விதி இது. இயந்திரத்தின் ஒழுக்கத்தைப் பற்றி ஆராயும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை இதன் மேல் நாம் செலவழித்ததில்லை.

ஏன் செலவழிக்கவில்லை? நம்மிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது. விதி. “போற காலம் வந்துடுச்சு.” “அவனுக்கு நேரம் சரியில்ல.” பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் உட்கார்ந்து இதைச் சொல்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அது ஆறுதல், அந்த நேரத்துக்கு வேண்டியிருக்கிறது. அதையே காவல் நிலையத்தில், நெடுஞ்சாலைத் துறையில், சாலை வளைவில் ஆறு மாதமாக எரியாத விளக்கின் கீழ் நின்று சொல்லும்போதுதான் அது குற்றத்துக்குப் போர்வையாகிறது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கியது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இதனால் உயிர் பிழைத்தவர்கள் நம்மிடையே நடமாடுகிறார்கள். நேரத்துக்கு ரத்தம் ஏற்றினால் மாறிவிடுகிற ஒன்றை விதி என்று எப்படிச் சொல்வது? 2022-இல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். ஹெல்மெட் போட்டுக்கொண்டிருந்தால் இவர்களில் பலருக்கு அந்த நேரம் சரியாக இருந்திருக்கும்.

புது வண்டி வாங்கினால் நல்ல நாள் பார்க்கிறோம். ராகு காலம் கழித்துச் சாவி வாங்குகிறோம். நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். அதே ஷோரூமில் அதே நாளில் இன்சூரன்ஸ் எடுக்கிறோமே, அந்தப் படிவத்தைப் படித்துப் பாருங்கள். வண்டியின் விலை, இன்ஜினின் அளவு, எந்த ஆண்டில் செய்தது, இதற்கு முன் இழப்பீடு வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்கும். எலுமிச்சம்பழம் ஏற்றினீர்களா என்று ஒரு வரி இருக்காது. அது விபத்தைக் குறைக்கும் என்றால், லாபம் ஒன்றையே பார்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதை என்றோ கட்டாயமாக்கியிருக்கும்.

எனக்கு எலுமிச்சம்பழத்தைவிடக் கவலை தருவது இன்னொரு சிறிய பொருள். கார் உதிரி பாகக் கடைகளில், வாசனைத் திரவியக் குப்பிகளுக்கும் ஸ்டியரிங் கவருக்கும் நடுவே தொங்கும். கட்டைவிரல் அகலத்தில் ஓர் உலோக நாக்கு, மேலே பிளாஸ்டிக் பிடி, சிலவற்றில் கார் கம்பெனியின் முத்திரைகூட இருக்கும். சீட் பெல்ட்டின் முனை போலவே இருக்கும், ஆனால் பெல்ட் இருக்காது. கொக்கியில் செருகினால் ‘பீப் பீப்’ என்று கத்தும் எச்சரிக்கை நின்றுவிடும். அதன் ஒரே வேலை, பெல்ட் போட்டுவிட்டார் என்று காரை நம்ப வைப்பது.

2022 செப்டம்பர் 4 அன்று, டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த கார். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். நாடு சில வாரம் சீட் பெல்ட்டைப் பற்றிப் பேசியது. அடுத்த ஆண்டு மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இந்தப் போலிக் கிளிப்புகளை விற்ற ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. பதின்மூன்றாயிரம் பட்டியல்கள் இருந்தன என்றால் வாங்கியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 2022-இல் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர்.

காரை நம்ப முடியாது என்று சொல்லும் ஓட்டுநர்கள், அந்தக் கார் உண்மையைச் சொல்லும்போது அதன் வாயை அடைக்கக் காசு கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் டெஸ்லா வைத்திருப்பவர்களும் இதைச் செய்தார்கள். ஸ்டியரிங்கில் கை இருக்கிறதா என்று கார் கேட்டுக்கொண்டே இருக்கும், கை இருப்பதாகக் காட்டுவதற்கு எடையை மாட்டி வைத்தார்கள். நம் நெடுஞ்சாலைகளிலும் இப்போது அடாஸ் வசதி உள்ள கார்கள் ஓடுகின்றன. முன்வண்டி நின்றால் தானே பிரேக் போடும், கோட்டைத் தாண்டினால் தானே ஸ்டியரிங்கைத் திருப்பும். ஓட்டுநர் கவனமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. அதை ஆன் செய்துவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ரீல்ஸ் எடுத்தவர்களைப் பார்த்தோம். இன்னொரு பக்கம், ஊருக்குள் பைக் குறுக்கே நுழைந்ததும் கார் பிரேக் போடுகிறது, பின்னால் வருகிறவன் இடித்துவிடுவான் என்று அதை நிரந்தரமாக அணைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் பயத்தில் நியாயம் உண்டு. பின்னால் வருகிறவர் இடைவெளி விடுவதில்லை என்பது அந்த நியாயத்தின் மறுபாதி.

இனி மின்சாரத்துக்கு வருகிறேன். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் நாட்டின் வேறு ஊர்களிலும் மின் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன் பிறகுதான் ஒன்றிய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. “பேட்டரி வெடிக்குமாமே” என்று கேட்கும் ஆட்டோக்காரர் அந்தச் செய்தியை மறக்கவில்லை, அவ்வளவுதான். விற்பவர் சொல்ல வேண்டிய பதில், “பயப்படாதீங்க” என்பதல்ல. எந்த வகை பேட்டரி, எந்தச் சோதனையில் தேறியது, எங்கே வைத்து சார்ஜ் செய்ய வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். படுக்கும் அறையிலும் வாசற்படியை அடைத்தும் சார்ஜ் போடக் கூடாது என்பதை ஒரு விளம்பரத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அதே நேரம், பெட்ரோல் எரியாத பொருளா? சுவீடன் நாட்டின் பேரிடர்த் தடுப்பு முகமை திரட்டிய கணக்கில், வண்டிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி பார்த்தால் பெட்ரோல், டீசல் கார்கள் ஏறத்தாழ இருபது மடங்கு அதிகம் எரிந்தன. அந்தக் கார்களில் பழையவை மிகுதி, வேண்டுமென்றே கொளுத்தப்பட்டவையும் கணக்கில் சேர்ந்தவை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தள்ளுபடிக்குப் பிறகும் பெட்ரோல் தொட்டி பாதுகாப்பானது என்ற முடிவுக்கு வர வழியில்லை. பழகிவிட்டதால் அதன் நெருப்பு நம் கண்ணுக்குச் செய்தியாகப் படுவதில்லை.

மழைத் தண்ணீர்ப் பயமும் அப்படித்தான். கனமழை எச்சரிக்கை வந்தால் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிறார்களே, அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெட்ரோல், டீசல் கார்கள். காற்றை உறிஞ்சும் குழாய் வழியே தண்ணீர் புகுந்தால் இன்ஜின் அங்கேயே முடிந்தது. மின்சாரக் காருக்கு அந்தக் குழாய் கிடையாது, பேட்டரிப் பெட்டி நீர் புகாமல் மூடப்பட்டது. ஆனால் நாள் கணக்கில் வெள்ளத்தில், அதிலும் உப்பு நீரில் மூழ்கிக் கிடந்த பேட்டரி ஆபத்தானது. அதை மெக்கானிக்கிடம் காட்டாமல் சார்ஜ் போடக் கூடாது. உண்மை இரண்டு பக்கமும் இருக்கிறது.

மின்சாரக் கார் வைத்திருப்பவரிடமும் ஒன்று கேட்க வேண்டும். “எங்க வண்டியில புகையே இல்ல” என்கிறார். புகை எங்கே போனது? நம் நாட்டு மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அண்ணா நகரில் வராத புகை வடசென்னையில் வருகிறது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் கலப்பதை எதிர்த்து மீனவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். மொத்தக் கணக்கில் மின்சாரக் கார் மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தியாவில் நிலக்கரி மின்சாரத்தையும் சேர்த்தே கணக்கிட்டு, வாழ்நாள் முழுவதும் அது வெளியிடும் கரியமில வாயு பெட்ரோல் காரைவிட ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவு என்று ஐ.சி.சி.டி. என்ற போக்குவரத்து ஆய்வு அமைப்பு 2021-இல் சொன்னது. ஆனால் அந்த லாபம் யாருக்குப் போகிறது, சாம்பல் யார் வலையில் விழுகிறது என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்காத சுற்றுச்சூழல் பற்று அரைகுறையானது. பச்சை நம்பர் பிளேட் பாவத்தைக் கழுவும் தீர்த்தமல்ல.

பெரியார் 1940-களில் எழுதிய ‘இனிவரும் உலகம்’ நூலில், பெட்ரோலுக்குப் பதில் மின்சாரத்தால் கார் ஓடக்கூடும் என்று சொல்லியிருந்தார். அவருக்கு வண்டியின் புதுமை முக்கியமாக இருக்கவில்லை. அறிவு வளர்ந்தால் மனிதனின் உழைப்புச் சுமை குறைய வேண்டும், குறைந்ததன் பலன் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே அந்த நூலின் கவலை. அந்த இடத்தில் நிறுத்தி ஆட்டோ ஓட்டுகிறவரைப் பாருங்கள். சென்னை ஆட்டோவின் மீட்டர் கட்டணம் 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்தது, பத்தாண்டு கடந்தும் திருத்தப்படவில்லை. மின்சார ஆட்டோ ஓட்டினால் தினசரி எரிபொருள் செலவு குறையும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வண்டிக் கடன் வட்டி, நிறுத்த இடமில்லாத தெருவில் எங்கே சார்ஜ் போடுவது, சார்ஜ் ஏறும் நேரத்தில் போகும் சவாரி, சில ஆண்டுகளில் பேட்டரிக்குத் தர வேண்டிய பெருந்தொகை என எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போட்டுத்தான் “வேணாம் சார்” என்கிறார். இதைப் பழைமைவாதம் என்று சொல்பவர் கணக்குப் போடத் தெரியாதவர்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஆக்டிங் டிரைவர்.

சொந்தக் கார் இருக்கும், நீண்ட தூரம் ஓட்டத் தெம்பிருக்காது. சனிக்கிழமை திருப்பதிக்கோ பழநிக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ போக ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிறோம். விடியற்காலை மூன்று மணிக்கு வரச் சொல்கிறோம். அவர் எழுந்தது இரண்டு மணிக்கு, படுத்தது எப்போது என்று கேட்பதில்லை. நாம் தரிசனத்துக்கு வரிசையில் நிற்கும்போது அவர் வெயிலில் நிறுத்திய காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏசி போட்டால் பெட்ரோல் வீணாகும் என்று முன்பே சொல்லியிருக்கிறோம். மாலையில் இரண்டு கடை, ஓர் உறவினர் வீடு. இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு முடிக்கிறோம். தங்கினால் அறை வாடகை, இன்னொரு நாள் பேட்டா.

“நைட்டே கிளம்பிடலாம்ப்பா. காலையில ஆபீஸ் இருக்கு. ஓட்டிடுவல்ல?”

“ஓட்டிடலாம் சார்.”

அவர் வேறு என்ன சொல்வார்? முடியாது என்றால் அடுத்த முறை கூப்பிட மாட்டோம். குழந்தைகள் பின்சீட்டில் படுத்துவிடுகின்றன. நாமும் தூங்கிவிடுகிறோம். உலுந்தூர்ப்பேட்டைக்கோ ராணிப்பேட்டைக்கோ அருகே அதிகாலை மூன்று மணிக்கு அவர் கண் ஒரு நொடி மூடுகிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்பது 25 மீட்டர். முன்னால் பின்விளக்கு எரியாத லாரி நிற்கிறது. மறுநாள் செய்தியில் ‘டிரைவர் தூக்கக் கலக்கத்தில்’ என்று வரும். அவரைத் தூங்க விடாமல் இருபத்து நான்கு மணி நேரம் விழித்திருக்க வைத்தவர் யார் என்று வராது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது சொன்னது. நம் வீட்டுக்கு வரும் ஆக்டிங் டிரைவருக்கு அந்தச் சட்டம் எட்டியதில்லை, ஆனால் அவர் கண்ணிமைக்கும் பஸ் டிரைவரின் கண்ணிமைக்கும் ஒரே உடற்கூறுதான். இயந்திரம் தூங்காது என்பது அதன் பெரிய பலம். மனிதன் தூங்குவான் என்பது தெரிந்தே அவனை இயந்திரமாக நடத்துகிறோம். பிறகு, இயந்திரம் ஓட்டுவதை எப்படி நம்புவது என்று கேட்கிறோம்.

ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி, டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று 2023-இல் சொன்னார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். வண்டி ஓட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன் என்று சொல்லும் மனிதரிடம் எதிர்காலம் பற்றி வகுப்பெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் வேலையைக் காப்பாற்றுவது என்றால் என்ன? காப்பாற்றப்பட்ட அந்த வேலையில் ஓய்வு நேரம் உண்டா, வருங்கால வைப்பு நிதி உண்டா, நெடுஞ்சாலையில் லாரிக்காரர் படுத்துத் தூங்க ஒரு பாதுகாப்பான இடம் உண்டா? இவை இல்லாமல் இயந்திரத்தை மட்டும் தடுத்து வைப்பது, ஆபத்தான வேலையை அவருக்கே ஒதுக்கி வைப்பதாகத்தான் முடியும்.

தானியங்கிக் கார் விற்க வருகிறவர்களையும் விட்டுவிட முடியாது. கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த வேமோ, அமெரிக்காவின் சில நகரங்களில் ஓட்டுநரே இல்லாத டாக்சிகளை ஓட்டுகிறது. 5.67 கோடி மைல் ஓடியதில், மனிதர்கள் ஓட்டுவதைவிடக் கடும் காய விபத்துகள் மிகக் குறைவு என்று 2025-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. எழுதியவர்கள் அந்த நிறுவனத்து ஆய்வாளர்கள், ஓடியது கோடு போட்ட, சிக்னல் மதிக்கும் சாலைகளில். அதை மறைக்காமல் சொன்ன பிறகும் அந்த எண் கவனிக்கத்தக்கது. ஒதுக்கித் தள்ள முடியாது.

2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மனிதர் ஓட்டிய ஒரு கார் ஒரு பெண்ணை இடித்து, குரூஸ் நிறுவனத்தின் தானியங்கிக் கார் முன்னால் தள்ளியது. இடித்த மனிதர் நிற்காமல் ஓடிவிட்டார். தானியங்கிக் கார் பெண்ணின் மேல் ஏறி நின்றது, பிறகு ஓரம் கட்டுகிறேன் என்று அவரையும் சுமார் 20 அடி இழுத்துப் போனது. கார் நடந்தது முழுவதையும் தன் நினைவில் பதிந்து வைத்திருந்தது. நிறுவனம் அந்த இழுத்துப்போன பகுதியை அதிகாரிகளுக்குத் தந்த அறிக்கையில் சொல்லாமல் விட்டது. கலிஃபோர்னியா அதன் உரிமத்தை அதே மாதம் நிறுத்தியது. பொய் அறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு 2024-இல் 5 லட்சம் டாலர் அபராதம் கட்ட நிறுவனம் சம்மதித்தது. ஊபரின் டெம்பி வழக்கிலோ, தண்டனை செல்போன் பார்த்த பணியாளருக்கு மட்டும். அவசர பிரேக்கை அணைத்து வைத்த நிறுவனத்தின் மேல் குற்ற வழக்கே போடப்படவில்லை.

இந்தியாவில் 2022-இல் இடித்துவிட்டு ஓடிய வண்டிகளால் இறந்தவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். அடிப்பார்கள் என்ற பயத்தில் ஓடியவர்கள் உண்டு, யாரும் பார்க்கவில்லை என்று ஓடியவர்களும் உண்டு. நாளை தானியங்கிக் கார் இங்கே வந்தால் ஓடிப்போகிற ஓட்டுநர் இருக்க மாட்டார். ஆனால் ஓடி ஒளிகிற கம்பெனி இருக்கக் கூடாது. விபத்துப் பதிவு முழுவதையும் அரசிடமும் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்திடமும் தர வேண்டும், தவறு செய்தால் முடிவெடுத்த அதிகாரி கூண்டில் நிற்க வேண்டும் என்ற சட்டம் அந்தக் கார் வருவதற்கு முன்பே இருக்க வேண்டும். வந்த பிறகு எழுதினால் அதை எழுதுவது கம்பெனியின் வக்கீலாக இருப்பார்.

இன்றைக்கு நம்மால் செய்ய முடிந்தது வேறு. பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. காரை மோத விட்டு, உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு அடிபடும் என்று பார்த்து ஸ்டார் கொடுக்கிறார்கள். இது கட்டாயமில்லை, கம்பெனி விரும்பினால்தான் காரை அனுப்பும். ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் திட்டத்தையும் அரசு தள்ளிப் போட்டு, பிறகு கைவிட்டது. வாங்குகிறவர்கள் கேட்டால்தான் கம்பெனிகள் அனுப்பும். அடுத்த முறை ஷோரூமில் மைலேஜும் சன்ரூஃபும் கேட்பதற்கு முன்னால் ஸ்டார் எத்தனை என்று கேளுங்கள். பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போடுங்கள். ஆக்டிங் டிரைவர் வந்து வண்டிச் சாவியை வாங்கும்போது, நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். தூங்கவில்லை என்றால் அவருக்கு அன்றைய சம்பளத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பயணத்தை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.